இரவில் தைத்த ரவிக்கை

அந்த ரவிக்கையைத் தைத்து முடித்தபோது இரவு மணி 11.30. சிறுமுகைப் பட்டு, மயில்கழுத்து நிறத்தில் உடல், அரக்கில் கரை. எங்கள் தெருவில் குடியிருக்கும் டீச்சர் ஒருவர் தன் தங்கை கல்யாணத்துக்கென்று எடுத்தது. கழுத்துக்கும் கைக்கும் கரையின் நிறத்திலேயே பைப்பிங் வைத்துத் தரும்படி கேட்டிருந்தார். வெட்டுத்துணிகள் போட்டுவைக்கும் பையைத் தரையில் கவிழ்த்து, ஒவ்வொரு துண்டாகக் கரைமேல் வைத்துப் பார்த்து, ஒட்டிப் பிறந்ததுபோல் பொருந்திய ஒன்றை எடுத்தேன். அதற்கேற்ற நூல்கண்டையும் டப்பாவில் தேடிப் பிடித்தேன். முடித்து, ஹேங்கரில் மாட்டி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த மாமியார், ஜன்னலோரம் தொங்கிய ரவிக்கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "ஏன் கண்ணு, கரை அரக்குதானே? நீ காப்பிப்பொடி நிறத்தில் பட்டி வைத்திருக்கிறாயே?" என்றார்.

புடவையையும் ரவிக்கையையும் வாசலுக்கு எடுத்துப் போனேன். வெயில் பட்டதும் கரை, மிளகாய் வற்றலைப் போல ஆழ்ந்த சிவப்பில் துலங்கியது. பைப்பிங் சுத்தமான பழுப்பு. நூல் அதைவிட மோசம், கரும்பழுப்பு. இரவில் இவை மூன்றும் எப்படி ஒரே நிறமாகத் தெரிந்தன என்று புரியவே இல்லை. பருத்தியாக இருந்தால் பிரித்துவிட்டு வேறு தையல் போட்டுவிடலாம். பட்டில் ஊசி ஏறிய துளை மறையாது. கழுத்துச் சுற்றையும் இரண்டு கைகளையும் பிளேடால் இழை இழையாகப் பிரித்து, பழைய துளையிலேயே ஊசி இறங்கும்படி மறுபடி தைத்தேன். அரை நாள் போனது. டீச்சருக்கு இது தெரியாது.

எனக்கு 46 வயது. 20 வருடமாகக் கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடியே தைக்கிறேன். கண்தான் போய்விட்டது என்று நினைத்துப் பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடியின் பவர் மாறவில்லை, நிறக்குறைபாடும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமியாருக்கு முந்தைய வருடம்தான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. வயதாக ஆக நம் கண்ணில் இருக்கும் இயற்கை லென்ஸ் பழுப்பேறிவிடும். அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்த பிறகு நிறங்கள், அதிலும் நீலம், பளிச்சென்று தெரிவதாகப் பலரும் சொல்வார்கள். "வீட்டிலேயே புதுக்கண் என்னுடையதுதான்" என்று அவர் பெருமையடித்துக்கொள்ள அதுவும் வசதியாகப் போயிற்று.

உண்மையான காரணத்தைச் சொன்னவர் என் கொழுந்தனார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவரிடம் கதையைச் சொன்னேன். அவர் துணியைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பல்பைப் பார்த்தார். "அண்ணி, உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வெளிச்சத்தில் சிவப்பே இல்லை" என்றார்.

திருப்பூரில் சாயம் ஏற்றிய துணியை யாரும் அறை விளக்கில் வைத்து ஒப்புக்கொள்வதில்லையாம். லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே சாம்பல் நிறப் பூச்சு. மேலே விதவிதமான விளக்குகள். டி65 என்று ஒரு சுவிட்ச், அது பகல் வெளிச்சத்துக்கு. டிஎல்84 என்று இன்னொன்று, ஐரோப்பியக் கடைகளின் டியூப்லைட்டுக்கு. 'ஏ' என்று ஒன்று, பழைய குண்டு பல்புக்கு. வெளிநாட்டுக்காரர் அனுப்பிய மாதிரித் துணியையும் இங்கே சாயமேற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணி அடுத்த விளக்கில் பிரிந்துவிடுவது அவர்களுக்கு அன்றாடச் சங்கதி. கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும் இடத்தில் இவ்வளவு ஜாக்கிரதை. நானோ 9 வாட் பல்பின் கீழே உட்கார்ந்து அரக்கு தேடியிருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தால் நம் அம்மாக்களுக்கு இது தெரிந்தேதான் இருந்தது. ஒப்பணக்காரத் தெரு ஜவுளிக்கடையில் எவ்வளவு விளக்கு எரிந்தாலும், "கொஞ்சம் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்" என்று என் அம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார். கடைப்பையன் ஒருவன் கூடவே வருவான், காவலுக்கு. எனக்கு அப்போது வெட்கமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் முதலில் 60 வாட் குண்டு பல்ப் இருந்தது, பிறகு டியூப்லைட், அதன் பிறகு சுருள் சிஎஃப்எல். 2015இல் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கி எல்இடி விலை சரசரவென்று இறங்கியதும், வீடு முழுக்க ஒரே மூச்சில் மாற்றினோம். கரண்ட் பில் குறைந்தது. எல்லாம் 6500 கெல்வின், அட்டையில் 'கூல் டேலைட்' என்று எழுதியது. கெல்வின் என்பது வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் எண்; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. வெள்ளை வெளேரென்று இருந்தால் அதுதான் நல்ல வெளிச்சம் என்று எல்லாரையும் போல நானும் நம்பினேன்.

அந்த வெள்ளை எப்படி உண்டாகிறது என்று கொழுந்தனார் சொன்னபோதுதான் விஷயம் பிடிபட்டது. எல்இடிக்குள் இருக்கும் சில்லு வெளியிடுவது நீல ஒளி. அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா என்ற மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீலச் சில்லின்மேல் மஞ்சளாக ஒரு பூச்சு பூசுகிறார்கள். பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றிப் பார்த்தால் கண்ணில் படும் மஞ்சள் புள்ளிகள் அவைதான். நீலத்தில் ஒரு பங்கு அந்தப் பூச்சில் பட்டு மஞ்சளாக மாறுகிறது. நீலமும் மஞ்சளும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. ஆனால் ஆழ்ந்த சிவப்பு அதில் மிகக் குறைவு. இல்லாத நிறத்தைத் துணி எங்கிருந்து திருப்பி அனுப்பும்? அரக்கிலிருந்து சிவப்பைக் கழித்தால் மிஞ்சுவது பழுப்பு. அன்று இரவு நான் பார்த்தது அதைத்தான்.

சிவப்பைத் தரும் பூச்சையும் சேர்த்துப் பூசலாம், சேர்த்தும் செய்கிறார்கள். அதற்குச் செலவு கூடும். அதைவிட, நம் கண் ஆழ்ந்த சிவப்பை மங்கலாகத்தான் உணரும் என்பதால், அதற்குச் செலவிடும் மின்சாரம் லூமென் கணக்கில், அதாவது கண் உணரும் வெளிச்சத்தின் அளவில், பெரிதாக ஏறாது. அட்டையில் இருக்கும் நட்சத்திரமோ ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் என்பதற்குத்தான். சிவப்பைச் சேர்க்கிறவருக்கு மதிப்பெண் குறைகிறது, விட்டுவிடுகிறவருக்குக் கூடுகிறது. பிறகு யார் சேர்ப்பார்கள்?

நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கும் ஓர் எண் உண்டு. சி.ஆர்.ஐ. என்பார்கள், அட்டையில் சில சமயம் 'ஆர்ஏ' என்று இருக்கும். உச்சம் 100. பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல் மாதிரிதான். எட்டு நிறங்களை அந்த விளக்கில் வைத்துப் பார்த்து, சராசரி போடுகிறார்கள். அந்த எட்டும் வெளிறிய நிறங்கள். பழைய சுங்குடிச் சேலை பலமுறை துவைத்தபின் இருப்பது போல. அடர்ந்த சிவப்பு ஒன்பதாவது பாடம். ஆர்9 என்று பெயர். அதற்கும் தேர்வு உண்டு, ஆனால் மதிப்பெண் சராசரியில் சேராது! அதனால் சி.ஆர்.ஐ. 80 வாங்கிய பல்ப், ஆர்9இல் பூஜ்யத்தை ஒட்டி நிற்கலாம். பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகலாம். நம் கல்யாணப் புடவைகளில் பாதி சிவப்புக் குடும்பம். நமக்கு முக்கியமான பாடம் கூட்டுத்தொகையில் இல்லை.

கலிஃபோர்னியா மாநிலத்தின் கட்டட விதிகளில் வீட்டு எல்இடிகளுக்கு சி.ஆர்.ஐ. 90, ஆர்9 குறைந்தது 50 என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு அது நல்ல அளவுகோலாகப் பட்டது. தையலுக்கு மட்டும் சி.ஆர்.ஐ. 95ஐ ஒட்டி, ஆர்9 80க்குமேல் பார்க்கச் சொன்னார் கொழுந்தனார்.

டவுன்ஹால் பக்கம் எலெக்ட்ரிகல் கடைக்குப் போனேன். "அண்ணா, சி.ஆர்.ஐ. 90க்கு மேல் இருக்கிற மாதிரி வேண்டும்" என்றேன். "பம்ப் அடுத்த தெருவில் கிடைக்கும் அக்கா, இங்கே லைட் மட்டும்தான்" என்றார். கோயம்புத்தூரில் சி.ஆர்.ஐ. என்றால் பம்ப்செட் கம்பெனிதான், அவர்மேல் தப்பில்லை. நான்காவது கடையில்தான் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் நகைக்கடைகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் விளக்கு போடுகிறவர். "வீட்டுக்கா? வீட்டுக்கு யாரும் கேட்பதில்லையே" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். சாதாரண பல்ப் 100 ரூபாய்க்கும் கீழே. இது 450.

நான் செய்த முதல் தப்பு அங்கேயே நடந்தது. சி.ஆர்.ஐ. 95 என்று பார்த்ததும் மற்ற எண்ணைப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். அது 2700 கெல்வின். குண்டு பல்பு மாதிரி மஞ்சள் வெளிச்சம். வீட்டில் போட்டதும் எல்லாம் அழகாக இருந்தது. அரக்கு அரக்காக, குங்குமம் குங்குமமாக. இரண்டு நாள் கழித்து ஒரு பேண்ட்டுக்கு ஓரம் மடித்தேன். கருநீலப் பேண்ட்டுக்குக் கறுப்பு நூலைக் கோத்திருக்கிறேன். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் கொஞ்சம்தான் உண்டு. அதனால் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும், வெள்ளையும் சந்தன நிறமும் குழம்பும். 95 வாங்கிய பல்புமா இப்படி?

இந்த மதிப்பெண்ணைப் போடும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 5000 கெல்வினுக்குக் கீழே உள்ள விளக்கைக் குண்டு பல்பைப் போன்ற, சூடேறி ஒளிரும் ஒளியோடுதான் ஒப்பிடுகிறார்கள்; அதற்குமேல் போனால் பகல் ஒளியோடு. ஆக, 2700இல் 95 என்றால் குண்டு பல்பைப் போலவே காட்டுகிறது என்று அர்த்தம், சூரியனைப் போல என்று அல்ல. குண்டு பல்புக் காலத்திலும் நம் வீட்டில் கருநீலக் காலுறையும் கறுப்புக் காலுறையும் ஜோடி மாறியதுண்டே. இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தையல் மேசைக்கு 4000 அல்லது 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. 95 என்று போய்க் கேட்டு, 4000இல் மாற்றிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார். அந்த மஞ்சள் பல்பில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது பூஜையறையில் எரிகிறது.

வாங்கிய பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. 450 ரூபாய் கொடுத்த மனது நல்லதாகத்தான் தெரிகிறது என்று சொல்லும். கண்ணும் எந்த வெளிச்சத்துக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும். ஒன்றை அணைத்து மற்றதைப் போட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது. மளிகைக்கடையிலிருந்து ஒரே அளவில் இரண்டு அட்டைப்பெட்டி வாங்கிவந்து, உள்ளே வெள்ளைச் சார்ட் பேப்பர் ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேலே ஓட்டை போட்டு ஆளுக்கொரு ஹோல்டர். இடப்பக்கம் பழைய 6500 பல்பைப் போடப் போனபோது கொழுந்தனார் போனில் தடுத்தார். "இரண்டிலும் ஒரே கெல்வின் போடுங்கள் அண்ணி. வெள்ளையின் சாயல் வேறாக இருந்தால் கண் அதைத்தான் பார்க்கும், நிறத்தைப் பார்க்காது." அதனால் 4000 கெல்வினில் சாதாரண பல்ப் ஒன்றும் வாங்க வேண்டிவந்தது.

அந்த மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் கண்காட்சி மாதிரி இருந்தது. இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரிப் பொருள்களை வைத்தோம்: பாதியாக வெட்டிய தக்காளி, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, குங்குமம், அரக்குத் துண்டு, அந்தப் பாழாய்ப்போன பழுப்புத் துண்டு, ஆறு நூல்கண்டுகள். கறிவேப்பிலையில் வித்தியாசமே தெரியவில்லை. நீல நூலிலும் இல்லை. தக்காளி இடப்பக்கம் பழைய காலண்டர் படத்தில் இருப்பதுபோல ஆரஞ்சுச் சாயலில் கிடந்தது. வலப்பக்கம் சாறு சொட்டியது. இடப்பக்கம் அரக்கும் பழுப்பும் அக்காள் தங்கை. வலப்பக்கம் யாரோ எவரோ. கடைசியில் மாமியார் இரண்டு கைகளையும் ஆளுக்கொரு பெட்டிக்குள் நீட்டினார். இடக்கை காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் கை மாதிரி வெளிறித் தெரிந்தது. வலக்கையில் உள்ளங்கையின் ரத்த ஓட்டம் தெரிந்தது. "இந்தக் கையைத்தான் எனக்குத் தெரியும்" என்றார். தோலின் நிறத்தில் சிவப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கடையில் சோதிக்க வேறு எதுவும் கையில் இல்லையென்றால் உள்ளங்கை போதும். செல்போனில் படமெடுத்து ஒப்பிட வேண்டாம். போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தைச் சரிசெய்துவிடும்.

வீட்டில் பழைய சிடி கிடந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இருட்டறையில் பல்பின் ஒளி சிடியின் பளபளப்பில் சாய்வாக விழும்படி பிடித்தால் வானவில் தெரியும். சிஎஃப்எல்லில் அது துண்டு துண்டான பட்டைகளாக இருக்கும். எல்இடியில் தொடர்ச்சியாக இருக்கும். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு பள்ளம். மலிவு பல்பில் சிவப்பு ஓரம் சட்டென்று மங்கிவிடும். நல்ல பல்பில் அது ஆழமாக நீளும்.

செல்போன் கேமரா உதவுவது வேறொன்றுக்கு. எரியும் பல்பின் அருகே கேமராவைப் பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் அந்தப் பல்ப் விட்டுவிட்டு எரிகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 100 முறை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மோட்டார் வைத்த தையல் மிஷினின் சக்கரம் அந்த வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றுவதுபோலவோ நின்றுவிட்டதுபோலவோ தோன்றக்கூடும். எனக்கு அடிக்கடி வந்த தலைவலிக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பல்பை மாற்றிய பிறகு குறைந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது தப்பு, சமையலறையில். நல்ல பல்பாயிற்றே என்று, மூடிய கண்ணாடிக் குடுவை விளக்குக்குள் ஒன்றை மாட்டினேன். ஐந்தாம் மாதம் அணைந்தது. எல்இடி கையைச் சுடாது என்றாலும் அதன் அடிப்பகுதியில் இருக்கும் மின்சுற்று சூடேறும். காற்றுப் போக வழியில்லையென்றால் ஆயுசு குறையும். 450 ரூபாய்ப் பாடம். இப்போது சமையல் மேடைக்கு மேலே இருக்கும் அலமாரியின் அடியில், அலுமினியப் பட்டைக்குள் 24 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஓடுகிறது, சி.ஆர்.ஐ. 90, 4000 கெல்வின். அலுமினியம் சூட்டை இழுத்துக்கொள்ளும், மேலே போட்ட பால்வெள்ளை மூடி கண் கூசாமல் காக்கும். தலைக்குப் பின்னால் எரிந்த பழைய பல்பில் என் நிழலே வாணலியில் விழும். ஸ்ட்ரிப் போட்ட முதல் நாள் வெங்காயம் வதக்கும்போதுதான் 'பொன்னிறம்' என்று சமையல் குறிப்புகளில் எழுதுவதன் அர்த்தமே எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்பு வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே ஏதோ ஒரு சாம்பல் மஞ்சளில் உத்தேசமாக இறக்கிக்கொண்டிருந்தேன். உளுந்தம்பருப்பு சிவந்ததா கருகியதா என்பதை மூக்குதான் சொல்லும்.

மூன்றாவது தப்பை நான் எதிர்பார்க்கவே இல்லை. தையலறைச் சுவர் பிஸ்தா பச்சை. புதுப் பல்ப் போட்டும் வெள்ளை லைனிங் துணியில் லேசான பச்சைச் சாயல் இருந்துகொண்டே இருந்தது. பல்ப் கொடுத்த நல்ல வெளிச்சத்தில் பாதி சுவரில் பட்டுத்தானே துணிக்கு வருகிறது! மேசைக்குப் பக்கத்துச் சுவர்களை மட்டும் வெள்ளையடித்தோம். செலவு ஒரு பல்பு விலைதான். பல்பு வாங்கும் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். கூடவே மேசை விளக்கை இடப்பக்கத்துக்கு மாற்றினேன். வலக்கைக்காரி நான், வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் ஊசி முனையில் என் கை நிழலே விழும்.

வீடு முழுக்க மாற்றிவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். தேவையே இல்லை. தையல் மேசை, சமையல் மேடை, முகம் பார்க்கும் கண்ணாடி, இந்த மூன்று இடத்துக்குத்தான் காசு போட்டேன். கண்ணாடிக்கு மேலே ஒன்று வைப்பதைவிட இரண்டு பக்கமும் முகத்தின் உயரத்தில் வைப்பது நல்லது. கண்ணுக்குக் கீழே நிழல் விழாது. சாப்பாட்டு மேசைக்கு ஆசைப்பட்டு ஒன்று போட்டேன், 3000 கெல்வினில். ரசம் ரசமாகத் தெரிகிறது. போர்டிகோ, மொட்டைமாடிப் படி, குளியலறை, மோட்டார் ரூம் எல்லாவற்றிலும் பழைய 100 ரூபாய்ப் பல்புதான். படிக்கட்டில் எனக்கு அரக்கு தெரிந்து என்ன ஆகப்போகிறது, படி தெரிந்தால் சரி.

கரண்ட் கூட ஆகுமே என்று கணவர் கவலைப்பட்டார். உண்மைதான், ஒரே லூமெனுக்கு இவை கொஞ்சம் அதிகமாக வாங்கும். ஒரு பல்புக்கு 2 வாட் கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம். தினம் 5 மணி நேரம், 30 நாள். 300 வாட் மணி. மாதத்துக்கு 0.3 யூனிட். அவர் ஃபேனை அணைக்க மறந்து வெளியே போகும் ஒரு நாளில் அது சரியாகிவிடும் என்றேன். மறுபேச்சு இல்லை.

கடையில் அட்டையைப் படிக்கும்போது ஒரு குறுக்குவழி இருக்கிறது. சில விளக்குகளில் 865, 840, 930 என்று மூன்று இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இலக்கம் சி.ஆர்.ஐ.: 8 என்றால் 80களில், 9 என்றால் 90களில். அடுத்த இரண்டு இலக்கம் கெல்வினில் முதலிரண்டு: 65 என்றால் 6500, 30 என்றால் 3000. பழைய டியூப்லைட்டின் நுனியில் 765 என்று பார்த்த ஞாபகம் பலருக்கு இருக்கும், அதாவது 70களில்தான். இந்த எண்ணும் இல்லை, சி.ஆர்.ஐ.யும் போடவில்லை என்றால் 80ஐத் தாண்டாது என்றே வைத்துக்கொள்கிறேன். 90க்கு மேல் இருந்தால் அதைப் பெரிய எழுத்தில் போடாமல் எந்தக் கம்பெனி விடும்? சும்மா '95' என்று மட்டும் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரிப்பை நான் நம்புவதில்லை; ஆர்9 எவ்வளவு என்று கேட்பேன். அதற்குப் பதில் சொல்லும் ஆள், பெரும்பாலும் உண்மையைச் சொல்கிற ஆளாக இருக்கிறார். ஹோல்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் கிடைப்பதில் பாதி, திருகு மாட்டும் இ27. நம் வீட்டு ஹோல்டர் பெரும்பாலும் அழுத்தித் திருப்பும் பி22.

ஒன்றை மட்டும் எந்தப் பல்பும் தீர்க்கவில்லை: வெள்ளை. துணிக்கும் சோப்புத்தூளுக்கும் வெண்மையூட்டி சேர்ப்பார்கள். அது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி, நீலமாக மினுக்கி, துணியை வெளேரென்று காட்டும். சாதாரண எல்இடியில் புற ஊதா இல்லை. வீட்டுக்குள் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு வெள்ளைகள், வாசலில் ஒன்று பால், ஒன்று மோர் ஆகிவிடும். வெள்ளைக்கு வெள்ளை சேர்க்கும் வேலையை நான் இன்றும் பகலில்தான் செய்கிறேன்.

திருப்பூர்ப் பெட்டியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இன்னொன்றும் உண்டு. துணிக்கு ஒரு சாயம், நூலுக்கு வேறு சாயம். நல்ல வெளிச்சத்தில் பொருந்திய ஜோடி மோசமான வெளிச்சத்தில் பிரியலாம். கட்டப்போகிறவர் என் தையல் மேசையில் நிற்கப்போவதில்லையே. கல்யாண மண்டபத்தில் நிற்பார். அதனால் பழைய 6500 பல்பைத் தூக்கிப் போடாமல், மேசைக்கு மேலேயே இன்னொரு ஹோல்டரில் தனிச் சுவிட்சோடு மாட்டி வைத்திருக்கிறேன். அதற்கு எங்கள் வீட்டில் மண்டப பல்ப் என்று பெயர். பைப்பிங் துணியை முடிவு செய்யும் முன் இரண்டு சுவிட்சையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

சென்ற மாதம் டீச்சர் மறுபடி வந்தார், ஒரு கோவை கோரா சேலையோடு. மாம்பழ மஞ்சள், குங்குமக் கரை. இரண்டு சிவப்புத் துண்டுகளை எடுத்து வைத்து, முதலில் நல்ல விளக்கைப் போட்டேன், ஒன்று பொருந்தியது. மண்டப பல்பைப் போட்டேன், மற்றது பொருந்தியது. டீச்சர் என் கையிலிருந்து சுவிட்சுகளை வாங்கிக்கொண்டு, நாலைந்து தடவை தட்டித் தட்டிப் பார்த்தார்.

"மண்டபத்தில் பொருந்துவதையே வைத்துவிடுங்கள் அக்கா. போட்டோ அங்கேதானே எடுப்பார்கள்" என்றார்.